நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கா?

லேசாகத் தாங்கி நடக்கும் குதிரையை டாக்டரிடம் எப்படிக் காட்டுவது? கேட்க வேண்டியது என்ன, செய்யக் கூடாதது என்ன?

‘நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு’ என்று ஒரு பழமொழி உண்டு. வேலைக்குச் சோம்பி, கிடைத்த காரணத்தைப் பிடித்துக்கொள்பவர்களைக் கேலி செய்ய நம் ஊரில் சொல்வார்கள். மனிதர்களுக்கு அது பொருந்தலாம். குதிரைக்குச் சாக்குச் சொல்லத் தெரியாது. அது நொண்டுகிறது என்றால் எங்கேயோ வலிக்கிறது என்றுதான் அர்த்தம்.

கடையநல்லூரில் ஒரு காலைப் பொழுதைக் கற்பனை செய்து பாருங்கள். மேற்கே மலை முழுக்க மேகம் இறங்கியிருக்கிறது. குற்றாலச் சாரல் இங்கேயும் எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. ரோட்டோர டீக்கடை முன்னால் ஒருவர் தன் குதிரையைப் பிடித்துக்கொண்டு வருகிறார். கல்யாண ஊர்வலத்துக்கும் கோயில் கொடைக்கும் போய்வரும் குதிரை. டீ ஆற்றிக்கொண்டிருப்பவர் கண்ணில் ஏதோ படுகிறது.

“அண்ணாச்சி, குதிர லேசா விந்துத மாதிரி இருக்கே?”

“அட போவே... ராத்திரி ஈரத்துல நின்னதுல கால் மரத்திருக்கும். ரெண்டு எட்டு ஓடுனா சரியாயிரும்.”

இந்த ‘சரியாயிரும்’ என்ற வார்த்தையில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. மூன்று காலில் நிற்கும் குதிரையைப் பார்த்தால் யாரும் உடனே டாக்டரைத் தேடி ஓடுவார்கள். லேசாகத் தாங்கும் குதிரையை அப்படியே வேலைக்கு ஓட்டிப் போவார்கள். பல நேரம் அந்த ஓட்டம்தான் சின்ன வலியைப் பெரிய காயமாக்குகிறது.

காயல் துறைமுகம் சொல்லும் பாடம்

குதிரை மருத்துவம் தெரிந்தவர் இல்லாததால் என்ன நடக்கும் என்பதற்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம் ஒன்று நம் தென்பாண்டிச் சீமையிலேயே இருக்கிறது. அது நடந்து 700 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

13-ம் நூற்றாண்டின் கடைசியில் வெனிஸ் நகரத்துப் பயணி மார்க்கோ போலோ பாண்டிய நாட்டுக்கு வந்தார். தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் இருந்த காயல் துறைமுகத்தைப் பற்றி அவர் விரிவாக எழுதியிருக்கிறார். ஹோர்முஸ், ஏடன் போன்ற துறைமுகங்களிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகள் அங்கே வந்து இறங்கின. பாண்டிய மன்னர் ஒருவரே ஆண்டுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்கினாராம். அவருடைய சகோதரர்களும் அதே அளவுக்கு வாங்கினார்களாம். ஆண்டு முடியும்போது அவற்றில் 100 குதிரைகள்கூட மிஞ்சவில்லை என்கிறார் மார்க்கோ போலோ.

காரணமாக அவர் சொல்வதுதான் முக்கியம். குதிரையை எப்படிப் பராமரிப்பது என்று இங்கே யாருக்கும் தெரியவில்லை. வேகவைத்த சோற்றையும் இறைச்சியையும் தீவனமாகக் கொடுத்தார்கள். லாடம் அடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் தெரிந்த ஆட்கள் இல்லை. குதிரை விற்க வந்த வியாபாரிகள் அப்படிப்பட்டவர்களைத் தங்களோடு அழைத்து வரவில்லை. வேறு யாரும் வந்து சேராமலும் பார்த்துக்கொண்டார்கள். குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டும் புதுக் குதிரை விற்கலாம்!

ஊர் சுற்றியவரின் கணக்கில் கொஞ்சம் மிகை இருக்கலாம். ஆனால் அதே காலத்தைச் சேர்ந்த பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃபும் பாண்டிய நாட்டுக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் வந்ததைப் பதிவுசெய்திருக்கிறார். வந்தவை அத்தனையும் போர்க்களத்தில் சாகவில்லை. தவறான தீவனத்தாலும் கவனிக்கப்படாத கால்களாலும் செத்தவை எத்தனையோ.

இந்தியாவில் குதிரை மருத்துவ அறிவே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. சாலிஹோத்திரர் பெயரில் வடமொழியில் பழமையான குதிரை வைத்திய நூல் உண்டு. நகுலர் பெயரில் வழங்கும் அஸ்வ சாஸ்திரத்தைத் தஞ்சை சரஸ்வதி மகால் நூலகம் பதிப்பித்திருக்கிறது. அறிவு ஏட்டில் இருந்தது; குதிரை கட்டியிருந்த லாயத்துக்கு அது வந்து சேரவில்லை. இன்றைக்கும் பிரச்னை கிட்டத்தட்ட அதேதான். டாக்டர் இருக்கிறார். அவரிடம் குதிரையை எப்போது கொண்டுபோவது, என்ன கேட்பது என்பதுதான் நமக்குத் தெரிவதில்லை.

ஒற்றை விரலில் நிற்கும் உடம்பு

குதிரையின் கால் வலியைப் புரிந்துகொள்ள, முதலில் அதன் காலைப் புரிந்துகொள்ள வேண்டும்.

குதிரை ஒவ்வொரு காலிலும் ஒரே ஒரு விரலில்தான் நிற்கிறது. நம் கையின் நடுவிரல் இருக்கிறதே, அதற்குச் சமமான விரல். குளம்பு என்பது அந்த விரலின் நகம். முன்னங்காலில் நாம் ‘முட்டி’ என்று சொல்வது உண்மையில் நம் மணிக்கட்டுக்குச் சமம். பின்னங்காலில் பின்பக்கமாகத் துருத்திக்கொண்டு நிற்கும் மூட்டு நம் குதிகாலுக்குச் சமம். அந்த மூட்டுகளுக்குக் கீழே தசை என்று சொல்ல ஏறக்குறைய எதுவும் இல்லை. எலும்பு, நரம்பு, இரத்தக் குழாய், கயிறு போன்ற தசைநார், அதன்மேல் தோல். அவ்வளவுதான்.

உடம்பின் எடையில் சுமார் 60 சதவிகிதத்தை முன்னங்கால்கள் இரண்டும் தாங்குகின்றன. அதனால்தான் நொண்டலில் பெரும்பகுதி முன்னங்காலில் வருகிறது. முன்னங்கால் நொண்டலிலும் பெரும்பாலானவை குளம்புப் பகுதியிலேயே தொடங்குகின்றன.

குதிரை காட்டில் பிற மிருகங்களுக்கு இரையாக இருந்த விலங்கு. கூட்டத்தில் நொண்டும் குதிரையைத்தான் புலியும் ஓநாயும் முதலில் குறிவைக்கும். அதனால் வலியை மறைப்பது அதன் இரத்தத்தில் ஊறிய பழக்கம். அது லேசாகக் காட்டும் வலி, உள்ளே லேசான வலியாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

தலை சொல்லும் சேதி

எந்தக் கால் என்று கண்டுபிடிக்கக் காலையே பார்த்துக்கொண்டிருந்தால் போதாது. தலையையும் பார்க்க வேண்டும்.

குதிரையைச் சமமான, கெட்டியான தரையில் மெதுவோட்டமாக ஓடவிட வேண்டும். முன்னங்காலில் வலி இருந்தால், வலிக்கும் கால் தரையில் படும்போது தலை மேலே தூக்கும். நல்ல கால் படும்போது தலை கீழே இறங்கும். வலிக்கும் காலின் மேல் எடை விழாமல் இருக்க அது செய்யும் தந்திரம் இது. பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, தலை இறங்கும் பக்கத்துக் காலுக்கு மருந்து தடவிக்கொண்டிருப்பார்கள்.

பின்னங்கால் என்றால் பின்னாலிருந்து இடுப்பைப் பார்க்க வேண்டும். இரண்டு பக்க இடுப்பெலும்பும் ஒரே அளவு ஏறி இறங்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அதிகமாக ஏறி இறங்கினால் அந்தப் பக்கத்தைச் சந்தேகிக்கலாம்.

காதையும் தீட்டிக்கொள்ளுங்கள். தார் ரோட்டில் நல்ல குதிரையின் குளம்புச் சத்தம் தாளம் தப்பாமல் வரும். ஒரு சத்தம் மட்டும் மெலிதாகக் கேட்டால், அந்தக் காலை அது பயந்து பயந்து ஊன்றுகிறது.

நிற்கும்போதும் அடையாளம் உண்டு. பின்னங்காலில் ஒன்றை மடக்கி ஓய்வெடுப்பது குதிரைக்கு வழக்கம்தான். ஆனால் முன்னங்காலில் ஒன்றை மட்டும் எப்போதும் முன்னால் நீட்டி வைத்துக்கொண்டு நின்றால், அது சும்மா இல்லை.

ஒரு சிக்கலும் உண்டு. இரண்டு முன்னங்காலிலும் ஒரே அளவு வலி இருந்தால் தலை ஆடவே ஆடாது. எட்டு மட்டும் குறுகிப் போகும். ‘குதிரைக்கு முன்ன மாதிரி சுறுசுறுப்பு இல்ல, கிழடு தட்டிப்போச்சு’ என்று நாம் முடிவு கட்டிவிடுவோம்.

டாக்டர்களுக்கே கண்ணாமூச்சி

லேசான நொண்டலைக் கண்டுபிடிப்பது நிபுணர்களுக்கே எளிதல்ல. அமெரிக்கக் குதிரை மருத்துவர்கள் நொண்டலை 0 முதல் 5 வரை எண் போட்டு அளக்கிறார்கள். 0 என்றால் நொண்டலே இல்லை. 5 என்றால் காலை ஊன்றவே முடியாத நிலை. 1, 2 என்பவை லேசானவை: சில நேரம் தெரியும், சில நேரம் தெரியாது, வளைந்து திரும்பும்போதோ பாரம் ஏற்றும்போதோ கெட்டித் தரையிலோ மட்டும் தலைகாட்டும்.

அமெரிக்காவில் கெவின் கீகன் என்ற குதிரை மருத்துவரின் குழு 2010-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. அனுபவமுள்ள மருத்துவர்கள் ஒரே குதிரைகளைத் தனித்தனியாகப் பார்த்தார்கள். நொண்டல் 1.5-க்கு மேல் இருந்தபோது, எந்தக் கால் என்பதில் சுமார் 93 சதவிகிதம் ஒத்துப்போனார்கள். அதற்குக் கீழே லேசாக இருந்தபோது ஒத்துப்போனது சுமார் 62 சதவிகிதம்தான்.

இதிலிருந்து புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. டாக்டர் ஒருமுறை பார்த்துவிட்டு ‘எனக்கு ஒண்ணும் தெரியலையே’ என்று சொன்னால் அவர்மேல் கோபப்பட வேண்டாம். அதற்காகக் குதிரைக்கு ஒன்றுமில்லை என்று முடிவுகட்டி வேலைக்கும் ஓட்ட வேண்டாம். இன்னொரு முறை, இன்னொரு தரையில் பார்க்கச் சொல்ல வேண்டும்.

டாக்டர் வருவதற்கு முன்னால்

முதல் வேலை, வேலையை நிறுத்துவது. வண்டி, சவாரி, ஊர்வலம் எதுவும் வேண்டாம். ஈரமில்லாத, மெத்தென்ற இடத்தில் வைக்கோல் பரப்பி நிறுத்துங்கள்.

இரண்டாவது, குளம்பைத் தூக்கிச் சுத்தம் செய்து பாருங்கள். லாடத்துக்கு இடையில் சின்னக் கல் சிக்கியிருந்தாலே குதிரை விந்தும். அதை எடுத்ததும் சரியாகிவிடலாம். ஆனால் உள்ளே ஆணி, கம்பி, கண்ணாடி ஏறியிருந்தால், குதிரையை அசையவிடாமல் நிறுத்திவிட்டு உடனே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். முடிந்தவரை அதைப் பிடுங்காமல் இருப்பது நல்லது. அது எந்த இடத்தில், எந்தக் கோணத்தில், எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பது டாக்டருக்குத் தெரிய வேண்டும். பிடுங்கிவிட்டால் ஓட்டை மூடிக்கொண்டுவிடும்; உள்ளே அழுக்கு தங்கிச் சீழ் பிடிக்கும்.

மூன்றாவது, நான்கு கால்களையும் தொட்டுப் பாருங்கள். புறங்கையை வைத்தால் சூடு நன்றாகத் தெரியும். ஒரு குளம்பு மட்டும் மற்றதைவிடச் சூடாக இருக்கிறதா? முட்டிக்குக் கீழே பின்பக்கத் தசைநாரில் வீக்கம் இருக்கிறதா? குளம்புக்கு மேலே இருக்கும் கணுவின் இரண்டு பக்கமும் விரலை வைத்துப் பார்த்தால் நாடி தெரியும். நல்ல காலில் அது இருக்கிறதா என்று தேட வேண்டியிருக்கும். குளம்புக்குள் வீக்கமோ சீழோ இருந்தால் விரலில் ‘டக் டக்’ என்று அடிக்கும்.

நான்காவது, கையில் இருக்கும் ஸ்மார்ட்போன். லேசான நொண்டலுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. டாக்டர் வரும் நேரத்தில் புது ஆளைப் பார்த்த பதற்றத்தில் குதிரை நன்றாக நடந்துவிடலாம். அதனால் அது நொண்டும்போதே வீடியோ எடுத்துவிடுங்கள். முன்னாலிருந்து, பின்னாலிருந்து, பக்கவாட்டிலிருந்து, ஒவ்வொன்றும் 20 விநாடி போதும். குதிரையின் உடம்பு முழுக்கத் தெரிய வேண்டும். பிடித்து ஓடுபவர் கயிற்றைத் தளர்வாக விட வேண்டும். இறுக்கிப் பிடித்தால் தலை ஆடாது. தலை ஆடாவிட்டால் சேதி கிடைக்காது.

ஐந்தாவது, கையில் இருக்கும் வலி மாத்திரையைக் கொடுக்காதீர்கள். வலி அடங்கிவிட்டால் டாக்டருக்கு அடையாளம் கிடைக்காது. வலி தெரியாமல் குதிரை காலை முழுதாக ஊன்றி, கீறலாக இருப்பதை முறிவாக ஆக்கிக்கொள்ளவும் கூடும். ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

சூடு போடுவது கூடவே கூடாது. பழுக்கக் காய்ச்சிய கம்பியால் காலில் கோடு இழுக்கும் பழைய வழக்கம் உள்ளே இருக்கும் காரணத்தைத் தொடுவதில்லை. ஏற்கெனவே வலிக்கும் காலில் இன்னொரு காயம்தான் மிஞ்சும்.

‘ஊசி போடுங்க’ வேண்டாம்... ‘ஏன்னு பாருங்க!’

டாக்டரிடம் நாம் வழக்கமாகக் கேட்பது என்ன? “நாளைக்கு ஒரு கல்யாணம் இருக்கு சார். இப்போதைக்கு ஒரு ஊசி போட்டு விடுங்க.” இப்படிக் கேட்டால் கிடைப்பதும் ஊசிதான். காரணம் உள்ளேயே இருக்கும்.

அதற்குப் பதிலாக இப்படிச் சொல்லிப் பாருங்கள்.

“டாக்டரய்யா, மூணு நாளா முன் வலது கால ஊன யோசிக்குது. லாடம் அடிச்சி பத்து நாளாச்சி. மண்ணுல நல்லா நடக்கு, ரோட்டுல ஏறினாத்தான் தாங்குது. மருந்து எதும் குடுக்கல. வீடியோ எடுத்து வச்சிருக்கேன். ஊசி அப்புறம் போடலாம், முதல்ல ஏன்னு பாத்துச் சொல்லுங்க.”

இந்தச் சில வரிகளில் ஒரு டாக்டருக்குத் தேவையான பாதி விஷயம் வந்துவிடுகிறது. எந்தக் கால், எத்தனை நாள், எந்தத் தரையில், கடைசியாக லாடம் அடித்தது எப்போது, என்ன மருந்து கொடுத்தது. கூடவே, இவர் அவசரத்துக்கு வரவில்லை, காரணம் தெரிந்துகொள்ள வந்திருக்கிறார் என்பதும் டாக்டருக்குப் புரிந்துவிடும்.

நம் ஊர்க் கால்நடை மருந்தகங்களுக்கு நாள் முழுக்க வருவது மாடும் ஆடும் கோழியும் நாயும்தான். குதிரை எப்போதாவது வரும். 2019-ல் நடந்த கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியா முழுவதும் இருந்த குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சேர்ந்தே சுமார் 3.4 லட்சம். 2012 கணக்கைவிட இது சுமார் 45 சதவிகிதம் குறைவு. குதிரை குறையக் குறைய, குதிரையைப் பார்த்துப் பழகும் வாய்ப்பும் டாக்டர்களுக்குக் குறைகிறது. “குதிரை கேஸ் நான் அதிகம் பார்த்ததில்லை, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறேன்” என்று ஒரு டாக்டர் நேர்மையாகச் சொன்னால், அது நமக்குக் கிடைத்த நல்ல வழிகாட்டல்.

பரிசோதனை எப்படி இருக்கும்?

முறையான பரிசோதனைக்கு அவசரம் ஆகாது. டாக்டர் முதலில் கேள்வி கேட்பார். பிறகு குதிரையைச் சும்மா நிற்கவைத்து நாலா பக்கமும் சுற்றிப் பார்ப்பார். அடுத்து தோளிலிருந்து குளம்பு வரை கையால் தடவி, இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுவார்.

பிறகு குளம்பு. பெரிய இடுக்கி போன்ற ஒரு கருவியால் குளம்பைச் சுற்றி இடம் இடமாக அழுத்திப் பார்ப்பார்கள். வலி உள்ள இடத்தில் அழுத்தும்போது குதிரை காலை வெடுக்கென்று இழுக்கும். லாடம் அடித்த ஆணியில் எந்த ஆணி சதையை நெருக்குகிறது என்பதைக்கூட இப்படிக் கண்டுபிடிக்கலாம்.

அடுத்து நடை, மெதுவோட்டம், வட்டமாக ஓடவிடுவது. கெட்டித் தரையில் நொண்டல் கூடினால் குளம்பு அல்லது எலும்பு மேல் சந்தேகம் வரும். மணலில் கூடினால் தசைநார் மேல் சந்தேகம் வரும். இது கண்டிப்பான விதி அல்ல, தேடலுக்கு ஒரு திசை.

பிறகு மடக்கிப் பார்க்கும் சோதனை. ஒரு மூட்டைச் சுமார் ஒரு நிமிடம் மடக்கிப் பிடித்துவிட்டு உடனே ஓடவிடுவார்கள். முன்பைவிட நொண்டல் கூடினால் அந்தப் பக்கம் கவனிக்க வேண்டியிருக்கிறது.

அப்படியும் பிடிபடாவிட்டால் இருக்கிறது, மரத்துப்போக வைக்கும் சோதனை. குளம்புக்குப் போகும் நரம்பின் பக்கத்தில் சிறிதளவு மரப்பு மருந்தை ஊசியால் போடுவார்கள். சில நிமிடங்கள் கழித்து ஓடவிடுவார்கள். நொண்டல் மறைந்துவிட்டால் வலி மரத்துப்போன பகுதிக்குள் இருக்கிறது. மறையாவிட்டால் அதற்கு மேலே. இப்படிக் கீழிருந்து மேலாகப் படிப்படியாகப் போய், ‘இந்த இடம்தான்’ என்று வட்டம் போடுவார்கள். எலும்பு முறிவு என்ற சந்தேகம் இருந்தால் மட்டும் இதைச் செய்ய மாட்டார்கள்.

இடம் தெரிந்த பிறகுதான் எக்ஸ்ரேவும் ஸ்கேனும். எலும்புக்கு எக்ஸ்ரே, தசைநாருக்கு ஸ்கேன். இடம் தெரியாமல் கால் முழுக்கப் படம் எடுத்தால் காசுதான் கரையும். மயிரிழை போன்ற எலும்புக் கீறல் முதல் நாள் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவதும் உண்டு. 10 முதல் 14 நாள் கழித்து மறுபடி எடுத்தால் தெரியலாம். அதனால் ‘படத்துல ஒண்ணுமில்ல’ என்பதோடு நின்றுவிடாமல், ‘மறுபடி எப்ப எடுக்கணும்?’ என்றும் கேளுங்கள்.

காரணம் எதுவாக இருக்கும்?

பெரும்பாலும் எளிய காரணமாகவே இருக்கும். கல் குத்தி உள்ளே கன்றிப்போவது. லாடம் அடிக்கும்போது ஆணி சதைப் பக்கம் போய்விடுவது. குளம்புக்குள் சீழ் கட்டுவது. சீழ் முதலில் லேசாகத் தொடங்கி, ஓரிரு நாளில் காலை ஊன்றவே முடியாதபடி ஆக்கிவிடும். டாக்டர் சின்ன வழி திறந்து சீழை வெளியேற்றினால் குதிரைக்கு உடனே நிம்மதி கிடைக்கும்.

சாரல் காலத்தில் இன்னொன்று வரும். குளம்பின் அடியில் நடுவே முக்கோணமாக, ரப்பர் போல ஒரு பகுதி இருக்கும். ஈரத்திலும் சாணத்திலும் நாள் கணக்கில் நின்றால் அதன் ஓரம் அழுகிக் கறுப்பாகும். துர்நாற்றம் அடிக்கும். தினமும் குளம்பைச் சுத்தம் செய்து, உலர்ந்த தரையில் நிறுத்தினாலே இதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

தசைநார் இழுத்துக்கொள்வது அடுத்தது. இதில்தான் ‘லேசா விந்துது’ என்று வேலை வாங்குவது பெரும் கேடு. நூல் பிரிந்த கயிறு போல இருப்பது அறுந்தே போகலாம். ஓய்வு கொடுத்தால் மாதங்களில் தேறும். அறுந்துவிட்டால் பழைய ஓட்டம் திரும்புவது கஷ்டம்.

லாடத்தையும் மறக்க வேண்டாம். குளம்பு மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றி, குளம்பைச் சீவி, மறுபடி அடிக்க வேண்டும். ‘லாடம் தேயலையே’ என்று மாதக்கணக்கில் விட்டால் குளம்பு முன்பக்கம் நீண்டு, தசைநாருக்குச் சுமை கூடும். டாக்டரும் லாடம் அடிப்பவரும் ஒரே நேரத்தில் குதிரையின் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டால், பாதிப் பிரச்னை அங்கேயே தீரும்.

காலில் ஆணி ஏறிய குதிரைக்கு இன்னோர் ஆபத்து ரண ஜன்னி. வீட்டு விலங்குகளில் இந்த நோய் மிக எளிதாகத் தாக்குவது குதிரையைத்தான். வந்துவிட்டால் பிழைப்பது அரிது. தடுப்பூசி போட்டிருக்கிறதா, கடைசியாகப் போட்டது எப்போது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருப்பது நல்லது.

ஒரு கால் வலி, நான்கு காலுக்கும் கேடு

2006 மே மாதம். அமெரிக்காவின் புகழ்பெற்ற கென்டக்கி டெர்பி பந்தயத்தில் பார்பரோ என்ற குதிரை வென்றது. இரண்டு வாரம் கழித்து, மே 20 அன்று, அடுத்த பெரிய பந்தயத்தில் ஓடத் தொடங்கிய சில விநாடிகளிலேயே அதன் வலது பின்னங்கால் எலும்பு நொறுங்கியது. பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். உடைந்த கால் மெல்லத் தேறிவந்தது.

ஆனால் அந்தக் காலைக் காப்பாற்ற மற்ற கால்கள் அதிகச் சுமை தாங்கின. ஜூலையில் இடது பின்னங்குளம்பில் அழற்சி வந்தது. குளம்பு ஓட்டுக்கும் உள்ளே இருக்கும் எலும்புக்கும் இடையே உள்ள பிடிப்பு தளர்ந்துபோகும் நோய் அது. பிறகு முன்னங்கால்களுக்கும் பரவியது. 2007 ஜனவரி 29 அன்று பார்பரோவைக் கருணைக்கொலை செய்ய வேண்டியதாயிற்று. உலகத்தின் சிறந்த டாக்டர்களும் பணமும் இருந்தும் முடியவில்லை.

பார்பரோவுக்கு வந்தது பெரிய முறிவு. கடையநல்லூர்க் குதிரைக்கு வந்திருப்பது சின்ன விந்தல். இரண்டையும் ஒன்றாகப் பார்க்க முடியாது. ஆனால் குதிரையின் உடல் கணக்கு ஒன்றுதான். ஒரு கால் சுமக்காததை மற்ற கால்கள் சுமக்கின்றன.

இந்தக் குளம்பு அழற்சி வேறு வழியிலும் வரும். கல்யாண வீட்டில் அன்பாக ஊட்டும் சோறும் இனிப்பும், அளவுக்கு மீறிய தானியமும் போதும். குதிரை முன்னங்காலை நீட்டி, பின்பக்கம் சாய்ந்து நின்றால், குளம்பு சூடாக இருந்தால், ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. மார்க்கோ போலோ காயலில் பார்த்த சோற்றுத் தீவனத்தை இங்கே ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

எங்கே போவது?

முதலில் பக்கத்து அரசு கால்நடை மருந்தகம். நேரில் கொண்டுபோக முடியாத நிலை என்றால் கால்நடைகளுக்கான கட்டணமில்லாத உதவி எண் 1962. காரணம் பிடிபடாமல் மேல்பரிசோதனை தேவைப்பட்டால், திருநெல்வேலி ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. 2012-ல் தொடங்கப்பட்ட இந்தக் கல்லூரி, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் வருவது. போவதற்கு முன் போன் செய்து, குதிரை கொண்டுவருவதைச் சொல்லிவிட்டுப் போனால் அலைச்சல் மிச்சம். நொண்டும் குதிரையை நடத்தியே கூட்டிப் போகாதீர்கள். வழுக்காத தரை உள்ள வண்டியில் வைக்கோல் பரப்பி ஏற்றுங்கள்.

கால்நடை மருத்துவப் படிப்பே குதிரைக்காகப் பிறந்தது என்றுகூடச் சொல்லலாம். உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளியை 1761-ல் பிரான்ஸின் லியோன் நகரில் தொடங்க அனுமதி பெற்றவர் குளோத் பூர்ஷெலா. அவர் ஒரு குதிரையேற்றப் பள்ளியை நடத்திவந்தவர். சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது 1903-ல். தெருவெல்லாம் குதிரை வண்டி ஓடிய காலம் அது.

சட்டமும் குதிரையின் பக்கம்தான். 1960-ம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி, நோயாலோ காயத்தாலோ வேலை செய்யத் தகுதியில்லாத விலங்கை வேலை வாங்குவது குற்றம். நொண்டும் குதிரையின் மேல் மாப்பிள்ளையை ஏற்றுவதும் அதில் அடக்கம். ஊர்வலத்துக்குக் குதிரை பேசும் குடும்பத்தாரும் ஒரு நிமிடம் அதன் நடையைப் பார்த்துவிட்டுப் பேசலாம். தலை ஆடினால், “இன்னைக்கு வேண்டாம், ஓய்வு குடுங்க” என்று சொல்லலாம். பேசிய தொகையில் கொஞ்சம் கொடுத்து அனுப்பினால் அந்த வீட்டு அடுப்பும் எரியும், குதிரையும் பிழைக்கும். ஒரு நாள் கூலி போகிறதே என்ற பயம்தான் பல குதிரைகளை வலியோடு ஓடவைக்கிறது.

குதிரையே இல்லாத வீட்டுக்கு எதற்கு இந்தக் கதை?

மலையடிவாரத்து வயலில் வேலை செய்பவரைப் பாம்பு கடித்தால், ஆஸ்பத்திரியில் அவருக்கு ஏற்றும் விஷமுறிவு மருந்து குதிரையிடமிருந்து வருகிறது. பாம்பின் விஷத்தைச் சிறுகச் சிறுகக் குதிரையின் உடலில் செலுத்தி, அதன் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுத்துத்தான் அந்த மருந்தைத் தயாரிக்கிறார்கள். மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர் பிடிக்கும் பாம்புகளின் விஷம் இதற்குப் போகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நான்கின் விஷத்தையும் முறிக்கும் அந்த மருந்தில், முகம் தெரியாத ஏதோ ஒரு குதிரையின் இரத்தம் இருக்கிறது. ஏதோ ஒரு தலைமுறையில் நம் குடும்பத்தில் ஒருவரை அது காப்பாற்றியிருக்கலாம்.

மறுபடியும் அந்த டீக்கடைக்கு வருவோம். இந்த முறை அண்ணாச்சி ‘சரியாயிரும்’ என்று சொல்லவில்லை. கயிற்றை டீக்கடைக்காரரிடம் கொடுத்து, “ஏ தம்பி, இத கொஞ்சம் பிடிச்சிக்கிட்டு அந்தா அந்த முக்கு வரைக்கும் ஓடிட்டு வா, நான் வீடியோ எடுக்கேன்” என்கிறார். போனில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறார். முன் இடது கால் ஊன்றும்போதெல்லாம் தலை கொஞ்சம் மேலே போகிறது.

அன்றைக்குச் சாயங்காலம் பேசியிருந்த ஊர்வலத்துக்கு வர முடியாது என்று ஒரு போன். அடுத்து டாக்டருக்கு ஒரு போன். இரண்டுக்கும் சேர்த்து ஐந்து நிமிடம்தான் ஆகியிருக்கும்.